லாச்சிக்குள் கிடந்த ஸ்பிரிங்

பிள்ளைகளே, போன கிழமை சின்னவள் என் மேசை லாச்சிக்குள் கத்தரிக்கோல் தேடும்போது ஒரு ஸ்பிரிங்கை எடுத்து, "இது என்னப்பா?" என்று கேட்டாள். நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், நுனியில் மஞ்சள் மைப்புள்ளி. "வேலையிடத்துச் சாமான்" என்றேன். அது பொய். உங்கள் பெரியப்பாவின் கைத்துப்பாக்கிக்குள் போட நான் தெரிந்தெடுத்த ஸ்பிரிங் அது.

பெரியப்பா இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்டில், ஒரு சுடும் கழகத்தில் பல வருடம் இருந்தவர். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இப்ப டேர்மின் எடுத்து, நேரம் குறிச்சுப் போய்ச் சுடுறார்" என்று பெரியம்மா சிரிப்பார். பெரியப்பா விடமாட்டார். "அங்கை பிழையாச் சுட்டாத்தான் கேள்வி கேப்பாங்கள். எங்கையிருந்து வந்தனி எண்டு ஒருத்தனும் கேக்கிறேல்லை" என்பார். எனக்கோ அவர்கள் வீட்டுக்குள் போனாலே பயம். துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனாலும் நீங்கள் எந்த அறையில் விளையாடுகிறீர்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பேன்.

ஒரு மாரியில் பனியில் சறுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கையால் பிடியை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் துப்பாக்கியின் மேல் இரும்பைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். அவரால் முடியவில்லை. "நீ ஸ்பிரிங் கொம்பனிக்காரன்தானேடா. இழுக்க லேசான ஒண்டாப் பாத்துச் சொல்லு. இதுவும் ஏலாதெண்டா நான் கழகத்தை விடவேண்டியதுதான்" என்றார்.

பாரமான ஸ்பிரிங் என்றால் அவர் கை இழுக்காது. மிகவும் லேசானது என்றால் அந்த இரும்பு திரும்பிப் போய்ச் சரியாக மூடாது. எனக்கு இரண்டு பக்கமும் பயம். பழைய ஸ்பிரிங்கை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில், யாராவது என்னவென்று கேட்டுவிடுவார்களோ என்ற பதற்றத்தோடு மெஷினில் வைத்து ஒருமுறை அமத்தி அளந்தேன். வந்த அளவிலிருந்து இரண்டு படி குறைத்துப் புதிதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். ஸ்பிரிங்கை நேராகப் பிடிக்கும் பிளாஸ்டிக் கம்பிக்குப் பதிலாக உருக்குக் கம்பி போடச் சொன்னது அவர். முன்பக்கம் பாரமாக இருந்தால் சுடும்போது துப்பாக்கி துள்ளாதாம்.

அடுத்த ஞாயிறு காலை கழகத்துக்கு நானும் கூடப் போனேன். அவர் ஒரே இழுவையில் இழுத்துவிட்டு, "பாத்தியே, வெண்ணெய்!" என்று கண்ணடித்தார். இரண்டு வெடி போனது. மூன்றாவதுக்கு இரும்பு முழுதாக மூடாமல் நின்றுவிட்டது. துப்பாக்கியை முன்னோக்கிப் பிடித்தபடியே அசையாமல் நின்று மற்றக் கையை உயர்த்தினார். மேற்பார்வையாளர் வந்து சரிசெய்தார். மறுபடியும் அதே. மணிக்கட்டு இளகி இருக்கிறது, பிடி இறுகாவிட்டால் இப்படித்தான் நிற்கும், இனி வேண்டாம் என்று அந்த ஜெர்மன்காரர் தன்மையாகச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அளந்தது களைத்துப்போன ஸ்பிரிங்கை. அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது; அந்த அளவிலிருந்தும் இரண்டு படி குறைத்ததால் புதியது அளவுக்கு மிஞ்சி லேசாகிவிட்டது. வருடக்கணக்காக வேலை செய்த ஸ்பிரிங்கை வைத்துப் புதியதற்கு அளவு எடுக்கக்கூடாது என்று வேலையில் மற்றவர்களுக்குச் சொல்லுகிறவனே நான்தான். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆர் தெரிந்தெடுத்தது என்று கேட்பார்களே என்ற வெட்கம் ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று: இதோடு அந்த வீட்டிலிருந்து துப்பாக்கி போய்விடும்.

காரில் அவர்தான் என்னைத் தேற்றினார். "கைதான்டா ஏலாமப் போட்டுது. ஸ்பிரிங் திறம். உன்னிலை ஒரு பிழையுமில்லை." துப்பாக்கியை விற்றபோது பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை என்னிடம் தந்தார். "வைச்சிரு, நல்ல சாமான்."

சரியான ஸ்பிரிங் போட்டிருந்தால் அவர் கை இழுத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் அவர். நான் அவருக்காக முடிவெடுத்துவிட்டேன்.

நாளை நாங்கள் அங்கே சாப்பிடப் போகிறோம். வழக்கம்போல அவர் ரப்பர் பந்தை அமத்தி அமத்தி அந்தக் கையைத் திட்டிக்கொண்டிருப்பார். மஞ்சள் புள்ளி வைத்த ஸ்பிரிங்கை இப்போதே என் ஜக்கெட் பைக்குள் போட்டுவிட்டேன். நான் அவரிடம் அதைக் கொடுத்து உண்மையைச் சொல்லும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இல்லையென்றால் நான் திரும்பவும் வேறு கதை கதைத்துவிட்டு வந்துவிடுவேன்.