மூன்றாம் நம்பர் வாய்

ஐம்பத்திரண்டு வயது வரை நோன்பு விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே திறமை, பிடிக்காமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய வருடம் அந்தக் காரணம் தானாகவே வந்தது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. அப்படியிருந்தும் நான் ரமழானின் தலைநோன்பிலிருந்தே பிடிக்கத் தொடங்கினால் மனைவி சந்தேகப்படாமல் என்ன செய்வாள்?

"என்னங்க, திடீரெண்டு அவுலியா ஆகிட்டீங்களா?" என்றாள்.

அவுலியாவும் இல்லை, மகானும் இல்லை. வாய்தான். இரண்டாம் தரம் மருந்து ஏற்றியதிலிருந்து கன்னத்தின் உள்பக்கமும் நாக்கும் தோலுரிந்து கிடந்தன. கிளினிக்கில் தாதி மிஸ் ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டை விசாரித்து, ஒரு தாளில் நம்பர் போடுவார். வாய் சுகமென்றால் பூச்சியம். எரிவு மட்டுமென்றால் ஒன்று. புண் இருந்தும் சோறு இறங்கினால் இரண்டு. கஞ்சியும் தண்ணீரும் மட்டும் இறங்கினால் மூன்று. அதுவும் இறங்காவிட்டால் நாலு.

பக்கத்துக் கதிரையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த உச்சமுனை மீன்காரர் என் காதுக்குள் சொன்னார்: "நானா, மூண்டு எண்டு மட்டும் சொல்லிறாதீங்க. மருந்த ஏத்தாம வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்கு முன்னுக்கு இருந்தவர் மூண்டு எண்டார். அதுக்குப் பொறகு அவர நான் காணல்ல."

அன்றிலிருந்து மிஸ்ஸின் பேனையை நான் நம்பவில்லை. ஒரு தடவை மருந்து தவறினால் உள்ளே இருக்கிறது வளர்ந்துவிடும் என்று பயம். என் வாயோ சரியாக மூன்றில் நின்றது. அதை மறைக்க நோன்பைவிட நல்ல இடம் உண்டா? பகலில் என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மஃரிபுக்கு நோன்பு திறக்கும்போது எல்லோரும் கஞ்சிதான் குடிப்பார்கள். ஊரே மூன்றாம் நம்பரில் இருக்கும் நேரம் அது.

மனைவி விடவில்லை. ஒரு பேரீச்சம்பழத்தோடு நான் கால் மணித்தியாலம் போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்த நாள் என் கஞ்சியில் எலுமிச்சம்புளியைப் பிழிந்துவிட்டாள். ஒரு வாய் குடித்ததும் கண்ணீர் ஓடியது.

"ஏன் அழுறீங்க?"

"துஆக் கேக்கிறன்."

"நல்லம். எனக்கும் சேத்துக் கேளுங்க," என்று இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

கிளினிக் நாளும் வந்தது. மனைவியும் கூடவே வந்தாள்.

"சாப்பாடு எப்பிடி?" என்று மிஸ் கேட்டார்.

"நோன்பு, மிஸ்."

"நோன்பு திறந்த பொறகு?"

"சோறு, இறைச்சி, எல்லாந்தான். ரெண்டு எண்டு போடுங்க."

"நம்பர் போடுறது என்ட வேல," என்றார் மிஸ், பேனையை எடுக்காமலே.

மனைவி கைப்பையைத் திறந்து கடையில் வாங்கிய பாண் துண்டு ஒன்றை எடுத்தாள். "நோயாளிக்கு நோன்பு கடமையில்லதானே. இதச் சாப்பிட்டுக் காட்டுங்க."

கடித்தேன். வாய், களப்பில் சிப்பியை மிதித்த கால் மாதிரி இருந்தது.

"மூண்டு," என்றேன்.

மிச்சப் பாணை மனைவி தாளில் இரண்டு மூன்று தரம் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நான் சாப்பிட்டுக் காட்டிவிடுவேன் என்று அவளும் கொஞ்சம் நம்பியிருக்க வேண்டும்.

மிஸ் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இந்தப் புண்ணுக்கால கிருமி ரத்தத்துக்குள்ள போனா உசிருக்கே ஆபத்து. இதோட மருந்து ஏத்தக் கேட்டீங்களா? ஒரு கிழமை ஆறட்டும்."

"பொறகு ஏத்துவீங்கதானே?"

"ஏத்தத்தானே வரச் சொல்றன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திகதியைக் கார்டில் எழுதி வாங்கி, மனைவியையும் சத்தமாக வாசிக்க வைத்தேன்.

மிஸ் சொன்னபடியே அடுத்த கிழமை மருந்து ஏறியது. ஆனால் வீட்டில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு திரும்பி வரவில்லை. இப்போது காலையில் மனைவியே கேட்கிறாள், கலண்டரில் எழுதுகிறாள். நேற்று ஒன்று என்றேன். ஒன்றரை எழுதினாள்.

"மிஸ்ஸிட தாளில அரை எல்லாம் இல்ல," என்றேன்.

"மிஸ்ஸுக்கு ஒங்களப் பத்தித் தெரியாது."