நான் பிரித்த மூன்றெழுத்து

சங்கிலித் தையலைப் பிரிப்பதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. கடைசி முடிச்சை வெட்டிவிட்டு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சரசரவென்று மொத்தமும் கையோடு வந்துவிடும். பள்ளிக்கூடத்துத் தையல் அறையில் ஒரு சாயங்காலம், தலையணை உறை ஒன்றின் மூலையிலிருந்து மூன்றெழுத்தை அப்படித்தான் இழுத்தேன். நீல நூல். எழுத்து போய்விட்டது, ஊசி போன துளைகள் மட்டும் நின்றன. அவற்றையும் நகத்தால் தேய்த்துத் தேய்த்து மூடினேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு!

நாடு விடுதலையாகி ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஏரிப் பக்கத்துச் சந்தில் ஓர் அறை, ஒரு ஸ்டவ். பேச்சுத் துணைக்கு ஒருவரும் கிடையாது. அதனாலோ என்னவோ வகுப்பில் அளவுக்கு மீறிப் பேசுவேன். ஒரே பூப்போட்ட மேசை விரிப்பை எத்தனை நாள் தைப்பீர்கள், சொந்தமாக யோசியுங்கள், கடைத்தெருவில் எது விலை போகிறதென்று போய்ப் பாருங்கள் என்பேன். "யார் செஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் வாங்கினவங்க திரும்பத் தேடி வருவாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. மற்றப் பெண்கள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். எட்டாவது படித்த ஒருத்தி, மில் தொழிலாளியின் மகள், அதை அப்படியே நம்பிவிட்டாள்.

பள்ளியின் ஆண்டு விற்பனைக்கு அவள் செய்த தலையணை உறையில் ரோஜா இல்லை, கிளி இல்லை. தன் தெருக் குழாயடியையே தைத்திருந்தாள். வரிசையாகக் குடங்கள், நடுவில் தானும் ஓர் இடம் பிடித்துப் படுத்திருக்கும் பூனை. மூலையில் அவள் பெயர். எதற்கு என்று கேட்டேன்.

"ஆர்டர் வந்தா அப்பாகிட்டப் பேசுறேன்னு அம்மா சொல்லியிருக்காங்க டீச்சர். இல்லன்னா இந்த லீவோட என்னை நிறுத்திடுவாங்க."

தாய்மாமன் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியை உறையைத் திருப்பிப் பார்த்தார். விற்பனைக்கு வைப்பதெல்லாம் பள்ளியின் சொத்து, ஒருத்தி பெயர் போட்டால் நாளைக்கு எல்லோரும் போடுவார்கள், எடுத்துவிடுங்கள் என்றார். வகுப்பில் அத்தனை பேசிய நான் அங்கே வாயே திறக்கவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது ஒரு சாக்கு. நான் பயந்தாங்கொள்ளி என்பதுதான் நிஜம். சரி அம்மா என்று சொல்லி உறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி அதை வாங்கிப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். மகள் கல்யாணத்துக்கு உறை, விரிப்பு எல்லாம் இதே கையால் வேண்டும், அந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்றார். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து செய்தது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி. கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, பெங்களூரிலேயே ஒக்கலிபுரம் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள்தான். கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். அங்கே நான்கு தையல் மெஷின்கள், ஏழெட்டுப் பெண்கள். பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளும் இருந்தார்கள். அடுக்கி வைத்திருந்த உறைகள் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெயர், தைத்தவளின் பெயர். அவள் அந்தப் பெண்களிடம் என்னைக் காட்டினாள்.

"என் பேரை எச்.எம். பிரிச்சுப் போட்டுட்டாங்கன்னு சொல்லுவேனே, அப்ப எனக்காக ராத்திரி பூரா அழுதவங்க இவங்கதான். மறுநாள் கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருந்துச்சு. அந்தக் கண்ணை நெனச்சுத்தான் நான் ஊசியக் கீழ வைக்கல."

அந்த வாரம் எனக்குக் கண்வலி. ஊர் முழுக்கப் பரவியிருந்தது, எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்றிரவு நான் சோறு தின்றுவிட்டு நன்றாகத்தான் தூங்கினேன்.

சொல்லிவிட வாயெடுத்தேன். பெண்களெல்லாம் தையலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபி வந்தது. வாங்கிக் குடித்தேன்.

இப்போதும் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அந்த வீட்டிலிருந்து ஆள் வரும். மெஷின்களுக்கு முதல் பொட்டு நான்தான் வைக்க வேண்டுமாம். ஓய்வு பெற்ற இத்தனை காலத்தில் என்னைத் தேடி வரும் அழைப்பு அது ஒன்றுதான். மறந்துவிடுவார்களோ என்று ஒரு வாரம் முன்பிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருடம் அவள் மகளே வந்து நின்றாள். மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது என்று ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.