வெந்நீர் ஊற்றில் பெட்ஷீட் அக்கா

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பெட்ஷீட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறொரு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. முப்பத்தோரு வருஷம் தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்தில் நின்றாள். நோயாளிகள் படுத்த விரிப்பு, டாக்டர்கள் கழற்றிப்போட்ட அங்கி எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குள் போய் வெள்ளையாகத் திரும்பும். அந்த ஈரத்தரையில் நின்று நின்று அவளுடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. "வெந்நீர்ல காலை வச்சு உட்காருங்கக்கா" என்று டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெந்நீருக்கு அவளிடம் பஞ்சமே இல்லை, உட்காரத்தான் நேரமில்லை.

புருஷன் பஸ் டிரைவர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். குடி கிடையாது, அடி கிடையாது, ஒரு நாள் வண்டியைத் தாமதமாக எடுத்தது கிடையாது. பேச்சும் கிடையாது, அது ஊருக்குத் தெரியாது. வண்டி வந்துவிட்டதா, அடுப்பைப் பற்ற வைக்கலாமா என்று அவள் தினமும் ஆஸ்பத்திரி போனிலிருந்து டெப்போவுக்குக் கேட்பாள். டைம்கீப்பர்தான் பதில் சொல்வார். மகள் பிறந்த சேதிகூட டைம்கீப்பர் வழியாகத்தான் அவருக்குப் போனது. அவர் எந்தக் காலத்திலும் போன் பக்கம் வந்து, என்ன என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் முதலில் ஓய்வு பெற்றார். ஏலத்தில் விட்ட பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி வந்து, இரண்டு வருஷம் அதைத் தட்டிக்கொண்டும் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருந்தார். கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, துணி வைக்கப் பெட்டி. மகள் அதைக் கேரவன் என்றாள். அவருக்கு அது வண்டி, அவ்வளவுதான். அவள் ஓய்வு பெற்ற மறு வாரமே, "மலைப்பக்கம் போலாம். வழியில வெந்நீர் ஊத்து இருக்காம். உன் முட்டிக்கு நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவள் உருகிப்போனாள். நம் முட்டி இந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி மாய்ந்தாள். பாவம், அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்: தான் ஒருத்தி கூட இருக்கிறோம் என்பது அவர் நினைப்பில் இருக்க வேண்டும்.

கிளம்பிய அன்றே அவளுடைய இடம் எது என்று தெரிந்துவிட்டது. அவருக்குப் பக்கத்து சீட்டில் ஜாக்கி, கருவிப்பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. "பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு ஓட்ட வராது. முப்பது வருஷப் பழக்கம்" என்றார். அவருக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் அவள். பேசுவதற்கு ஒரு கயிறு கட்டியிருந்தார், அதன் நுனியில் அவர் தலைக்கு மேல் ஒரு மணி. ஒரு தடவை இழுத்தால் நிற்கும், இரண்டு தடவை இழுத்தால் போகும். கண்டக்டருக்கும் அவருக்கும் இருந்த அதே ஏற்பாடு. கண்டக்டருக்குச் சம்பளமாவது உண்டு.

கட்டில் பக்கத்து ஜன்னல் பின்னோக்கி இருந்தது. அவர் பார்த்து முடித்த மலைதான் அவள் கண்ணுக்கு வரும். முதல் நாள் அருவி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு மணி அடித்தாள். வண்டி நின்றது. "என்னம்மா, வாந்தி வருதா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். பயணிகளைக் கேட்கிற அதே குரல். "இல்லீங்க, அருவி..." என்றாள். "இது ஸ்டாப் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் கயிற்றைத் தொடவே பயந்தாள். முட்டி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் படுத்துத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வெந்நீர் ஊற்று வந்தது. சாலையோரம் ஒரு மதில், டிக்கெட் கொடுக்கும் சின்ன அறை, கீழே இறங்கக் கல்படி, பெண்களுக்குத் தனிக் குளம். "கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டு அவர் டயரைத் தட்டிப் பார்க்கப் போனார். அவள் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தபோது, அம்மாடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிறத்தியார் துணிக்காகக் கொதித்த தண்ணீரைப் பார்த்தே ஆயுள் கழிந்தவள். இந்தத் தண்ணீர் அவளுக்காகச் சுட்டது.

ஆனாலும் கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம்தான். மேலே ஏறி வண்டிக்குள் வந்தாள். ஈரத் துண்டைக் காயப்போட வேறு இடமில்லாமல் மணிக் கயிற்றின் மேலேயே போட்டாள். எட்டிப் பார்த்தால், அவர் இன்னும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் அன்றைக்கு மடங்கியது, நீண்டது, சொன்னபடி கேட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் என்று நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்காமலே மறுபடி குளத்துக்கு இறங்கினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டுத்தனம் அது.

தண்ணீரில் உட்கார்ந்தபடி ஹாரன் சத்தம் கேட்டாள். எஞ்சின் உறுமியது. அந்த அதிர்வில் ஈரத் துண்டு கயிற்றைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. டிங், டிங். மதிலுக்கு மேலே வண்டியின் வெள்ளைக் கூரை மெல்ல நகர்ந்து, வளைவில் மறைந்தது. இரட்டை மணி கேட்ட பிறகு திரும்பிப் பார்க்கிற டிரைவர் உலகத்தில் உண்டா?

அவள் பதறவில்லை. முதல் வளைவில் தெரிந்துவிடும் என்று படியேறி வந்து மதிலோரம் நின்றாள். அப்புறம், அடுத்த ஊரில் தெரிந்துவிடும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை மணி நேரம் ஆனது. எந்த நிமிஷத்தில் அவருக்கு நம் நினைப்பு வரும் என்பது ஒன்றே அவள் மனசில் ஓடியது. வண்டியை விட, அவளுடைய போனும் செருப்பும் அதில் போனதை விட, அதுதான் அவளை அரித்தது.

டிக்கெட் கொடுக்கும் பெண் வெளியே வந்தாள். "அவரு நம்பர் சொல்லுங்கம்மா, நான் போட்டுத் தரேன்."

அவர் நம்பர் அவளுக்குத் தெரியாது. மகள் பதிந்து கொடுத்தது, வண்டியில் போன போனில் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். அதையே சொன்னாள்.

"அம்மா, வண்டி இன்னும் உள்ள வரலீங்களே" என்றார் டைம்கீப்பர், அவள் குரலைக் கேட்டதும் பழக்க தோஷத்தில். பிறகு தன் தவறு தெரிந்து, "ஐயோ, அவருதான் ரிட்டயர் ஆயிட்டாரே! எப்படி இருக்கீங்க? முட்டி வலி தேவலையா?" என்று கேட்டார். நேரில் பார்த்தே இராத மனிதருக்கு ஒரு நொடியில் தன்னைத் தெரிகிறது. விஷயத்தைச் சொல்லாமல் புருஷனின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை அவர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். பின்னணியில் ஏதோ இயந்திரம் பாறையை உடைத்துக்கொண்டிருந்தது.

"யாரு?"

"நான்தாங்க."

"நான்தான்னா யாரு? சத்தமா பேசுங்க. ரோட்டுல மண் சரிஞ்சு அரை மணி நேரமா நிக்கறேன் இங்க."

அரை மணி நேரமாக நிற்கிறாராம். தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதாதா?

"வெந்நீர் ஊத்துலேர்ந்து பேசறேன்" என்றாள்.

"ஓ, குளத்துக்காரங்களா? என்ன, ஏதாவது விட்டுட்டு வந்துட்டோமா?"

அவள் போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சோப்பு டப்பாவா இருக்கும். பரவால்லம்மா, நீங்களே வச்சுக்குங்க. அதுக்காக இந்த மலையில திரும்பி வர முடியாது. நான் சத்தமாப் பேச முடியாது, வீட்டுக்காரம்மா பின்னால தூங்குறாங்க."

"சரிங்க" என்று சொல்லி அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னம்மா சொன்னாரு? வர்றாரா?" என்று அந்தப் பெண் ஆவலாகக் கேட்டாள்.

"நான் வண்டியில தூங்கிட்டு இருக்கேனாம்" என்றாள் பெட்ஷீட் அக்கா.