ஆனைக்குச் சுமந்த சக்கை

பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கிற சர்க்கார் காட்டுக்கு உங்கள் அத்தை மகளை, உங்கள் மைனியை, யானை காட்ட நான் இரண்டு முறை கூட்டிப்போயிருக்கிறேன். அது ரிசர்வ் காடு. மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது, இலாகா ஆள் துணையில்லாமல் உள்ளே போகவும் கூடாது. உங்கள் அம்மாவுக்கு அண்ணன் முறையான ஒருவர் அங்கே காட்டைக் காக்கிற கார்டாக இருந்தார். அதனால் எங்களுக்கு வழி கிடைத்தது.

முதல் முறை போனபோது அவள் சின்னப்பிள்ளை. வாய் ஓயாமல் பேசுவாள். அன்று யானை கண்ணில் படவில்லை. பாதையில் கிடந்த பிண்டத்தை, அதான் யானைச் சாணத்தை, மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவளோ பள்ளிக்கூடத்தில் போய் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் விடுவார்களா? "பிண்டம் பாத்தவ" என்று பேர் வைத்துவிட்டார்கள். கோவிலில் ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றாலும் பின்பெஞ்சிலிருந்து அந்தப் பேர் மெதுவாக வரும். ஒரு வருஷம் அதைச் சுமந்தாள்.

அடுத்த கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், பெட்டியைக் கீழே வைக்கும் முன்னே சொன்னாள்:

"மாமா, இந்தத் தடவ ஆனையப் பாக்காம நான் பள்ளிக்கூடம் போவ மாட்டேன்."

சரி என்று புறப்பட்டோம். சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் நம்மிடம் இல்லையே. முந்தின வருஷம் கருப்பட்டி கொண்டுபோனேன். இந்த முறை நம் விளையில் நிற்கிற பலாமரத்தில் வருக்கைச் சக்கை நன்றாகப் பழுத்திருந்தது. பெரிதாக ஒன்றைப் பார்த்துப் பறித்துச் சாக்கில் கட்டினேன். தக்கலையிலிருந்து குலசேகரம் வரை பஸ். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் மணத்தை வைத்தே சாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பிறகு அணை வரைக்கும், அங்கிருந்து காட்டுப்பாதையிலும், சாக்கைத் தலையில் வைத்து நடந்தேன்.

கார்டு குடிசை வாசலில் நின்றவர், நாங்கள் ஏறி வரும்போதே மூக்கைச் சுளித்தார்.

"மச்சான், சாக்குல என்னதாக்கும்?"

"உமக்குத்தான். வருக்கச் சக்க. பழம்."

"பழமா! இதயா சொமந்துக்கிட்டு வந்தீரு? ஆனைக்காட்டுக்குள்ள சக்கப்பழத்தத் தலையில வச்சிக்கிட்டு வந்த மனுசன இப்பத்தான் ஓய் பாக்கேன்!"

சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்த எனக்கு முகம் வாடிவிட்டது. சக்கை மணம் பிடித்து வந்த யானை ஒன்று முன்னொரு கோடையில் அவருடைய அடுக்களைச் சுவரைத் தள்ளிவிட்டதாம். எதிரே புதுமண் பூசின சுவரைக் காட்டினார்.

"இங்கயே எங்கயாவது போட்டிரட்டுமா?" என்று கேட்டேன்.

"போட்டுட்டு நீரு போயிருவீரு. ராத்திரி கெடக்க வேண்டியது நானில்லா? எடும் சாக்க. கீழ வரைக்கும் நானும் வாறேன்."

உங்கள் மைனி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ ஆனை?"

"ஆனையாவது பூனையாவது. எழும்பு மக்கா," என்றார் கார்டு.

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இன்னும் ஒரு வருசம் அந்தப் பேரா மாமா?" என்றாள். நான் சாக்கைத் தூக்கினேன்.

பாதை வளைகிற இடத்தில், மேலே ஈற்ற மூங்கில் காட்டுக்குள் ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. கார்டு நின்றார். என் தலையிலிருந்த சாக்கைத் தானே இறக்கிப் பாதையில் வைத்தார். "ஓடப்புடாது. பேசப்புடாது," என்று மூச்சாகச் சொல்லி, எங்களைக் கீழே இருந்த பாறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். காற்று மேலிருந்து எங்கள் பக்கம் வீசியதால் எங்கள் வாடை மேலே போகவில்லை. அது கர்த்தர் கிருபை.

பிடியானை ஒன்று வந்தது. காலுக்கிடையில் குட்டி. தாய் தும்பிக்கை நுனியால் சாக்கைத் தடவிப் பார்த்தது. பிறகு காலை மெதுவாக வைத்து அமுக்கியது. நாம் கொட்டாங்கச்சியை மிதிக்கிறது போல அல்ல, அளவாக. சாக்கு கிழிந்து சக்கை பிளந்தது. குட்டி தும்பிக்கையை உள்ளே விட்டது, பசை ஒட்டிக்கொண்டது, உதறியது, போகவில்லை. கடைசியில் தாயின் காலிலே தேய்த்தது. தோல் மடலும் கொட்டையும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, வந்த வழியே இரண்டும் ஏறிப்போயின. அவ்வளவு நேரமும் என் வேட்டி முனை அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

குலசேகரத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"மாமா, நமக்குச் சக்கப்பசை ஒட்டினா அம்மை எண்ணெ தேச்சு விடுவா. குட்டிக்கு ஆரு தேச்சு விடுவா?"

பள்ளிக்கூடம் திறந்ததும் இந்த முறையும் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். யானையைப் பார்த்தாளா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். "ஏட்டி, உனக்க மாமா ஆனைக்குச் சக்க கொண்டுபோயா குடுத்தாரு?" என்று வகுப்பே சிரித்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தை ஊருக்குப் போய், அங்கே கோவில் வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது, "சக்க மாமா வாறாரு!" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அவள்தான். அவளுடைய பழைய பேரை அதற்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

கார்டு வீட்டுக்கு இப்போதெல்லாம் கருவாடுதான் கொண்டுபோகிறேன். தெருவில் யாராவது என்னைச் சக்க மாமா என்று விளித்தால் நீங்கள் அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், மக்களே. அது உங்கள் மைனியிடமிருந்து எனக்கு வந்த பேர்.