கிளீனர் சைடு ஹெட்லைட்

அன்று சாயங்காலம் வாசலில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அக்கா இல்லை. அவள் கல்யாணமாகி அரக்கோணத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இருந்தவரைக்கும் எங்கள் வண்டியில் வெளிச்சம் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

வண்டி அப்பாவுடையது. ஏழு பேர் உட்காரும் பழைய கார். பல வருஷம் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கிச் சேர்த்த பணத்தோடு கடனும் சேர்த்து வாங்கியது. எங்கள் வீடு மணிமங்கலத்துக்குப் பக்கத்தில். விடிவதற்கு முன்பே கிளம்பி, இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களை நாலே முக்காலுக்கு ஏற்றி, ஒரகடத்தில் ஒரு ஃபாக்டரி வாசலில் ஷிப்டுக்கு இறக்கிவிட வேண்டும். மத்தியானம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு டிராவல்ஸ்காரர் எடுத்திருக்கும் கான்ட்ராக்டில் எங்கள் வண்டியும் ஒன்று. அக்காவும் அதே ஃபாக்டரியில்தான் பேக்கிங்கில் இருந்தாள். வீட்டிலேயே ஏறி முன் ஸீட்டில் உட்கார்ந்துகொள்வாள். அவள் போன பிறகு அந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்தாள். ஏறினதும் தூங்கிவிடும் பெண்.

ஒரு மாதமாகவே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், கிளீனர் சைடு ஹெட்லைட் மங்கிவிட்டது என்று. லாரிக்காரர்கள் இடது பக்கத்தை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் காரில் கிளீனர் என்று யாரும் கிடையாது, ஆனாலும் அப்பா வாயில் அது கிளீனர் சைடுதான். மெக்கானிக்கிடம் விட்டால் அரை நாள் வண்டி நிற்கும், மத்தியான டிரிப் போய்விடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடமே போகாதவர்கள். அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். நான் டிப்ளமோ முடித்து, கார்களுக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிரெய்னியாக இருக்கிறேன். கட்டுக்கட்டாக ஒயர் பார்த்திருக்கிறேனே தவிர ஒரு காரின் பானட்டைத் தூக்கி அதற்குள் கை விட்டதில்லை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து வைத்துக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வரும்போது பல்பு ஒன்று வாங்கி வந்தேன்.

இடது பக்கம்தான் பேட்டரி இருந்தது. கை நுழைய இடமில்லை. கனெக்டரைப் பிடுங்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் விடுவிக்க வேண்டும். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. புது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் சூட்டில் வெடித்துவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தான். அம்மாவிடம் சுத்தமான துணி கேட்டேன். அம்மா உள்ளே போய் என் பழைய காலேஜ் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "குழந்தைய தூக்குற மாதிரி தூக்குறான் பாரு" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

பல்பு உட்கார்ந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர். அப்பா டிரைவர் ஸீட்டில் ஏறி லைட்டைப் போட்டார். சுவரில் இரண்டு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இறங்கி வந்து தோளில் தட்டுவார் என்று நின்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கி, "அப்டியேதான் கீதுடா" என்றார்.

நன்றாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். டிரைவர் சைடு சுவர் பளிச்சென்று இருக்கிறதாம், கிளீனர் சைடு சுவர் அழுது வடிகிறதாம். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்றாள். அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றார் அப்பா. அவள் விடவில்லை. "வண்டி தெரியாதுங்க, வெளிச்சம் தெரியும்" என்றாள்.

எங்கள் கம்பெனி லைனில் முதல் வாரமே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். எங்கே தப்பு என்று தெரியாவிட்டால் பாகத்தை இடம் மாற்றிப் போட்டுப் பார். தப்பு அந்தப் பாகத்தோடு கூடவே போனால் பாகத்தில்தான் தப்பு. பழைய இடத்திலேயே நின்றால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது. எனக்கு அது ஒன்றுதான் தெரியும், அதையே செய்தேன். புது பல்பைக் கழற்றி வலது பக்கம் போட்டேன், வலது பக்கத்து பல்பை இடது பக்கம் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. முட்டியில் ரத்தம் காய்ந்துபோய் மறுபடி உரிந்தது.

அப்பா லைட்டைப் போட்டார். கிளீனர் சைடுதான் மங்கல் என்றார்.

அப்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் செய்த வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை, மெக்கானிக் கை பட்டால்தான் அவர் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும் என்று நினைத்தேன். வாய்க்கு வந்ததையும் சொன்னேன். போன வருஷம் இரண்டு தடவை சைடு கண்ணாடியை உடைத்தது, கதவில் நீளமாகக் கீறிக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் இழுத்தேன். ஓட்டத் தெரியாதவர்கள் லைட்டைக் குறை சொல்வார்கள் என்றுகூடச் சொன்னேன். அவரை இறங்கி வரச் சொல்லி, கையைப் பிடித்து வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நிறுத்தினேன். இரண்டு விளக்கையும் நேருக்கு நேர் பார்த்துவிட்டு எது மங்கல் என்று கைகாட்டச் சொன்னேன். சுவரில் தெரியாவிட்டாலும் இப்படித் தெரியாமல் போகாது என்பது என் கணக்கு.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். "இதான். இதுதாண்டா மங்கலா கீது."

அவர் வண்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவருடைய இடது கைப் பக்கம் இருந்தது டிரைவர் சைடு விளக்கு. அவ்வளவு நேரம் பளிச்சென்று இருப்பதாகச் சொன்ன விளக்கு.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "அப்பா, அது டிரைவர் சைடு."

அவர் நீட்டின கையை இறக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். அப்போது அந்த விளக்கு பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். நேராகத் திருப்பினார். மறுபடி இடது பக்கம். அம்மா ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தப்பு பல்போடு போகவில்லை, வண்டியோடும் நிற்கவில்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அவருக்கு இடது பக்கமாகவே வந்து நின்றது. நான் போய் லைட்டை அணைத்தேன்.

உள்ளே வந்து அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.  பிறகு அவள் சொன்னாள். வண்டியில் ஏறினால் அப்பா ஒரு விளையாட்டு வைத்திருப்பாராம். லெஃப்டில் என்ன வருகிறது, யார் நிற்கிறார்கள், ரோடு எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம், இவள் டக் டக்கென்று சொல்ல வேண்டுமாம். நீயும் ஒரு நாள் வண்டி ஓட்ட வேண்டும், இப்போதே ரோட்டைப் பார்க்கக் கற்றுக்கொள் என்பாராம். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படிச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள்.

"எனக்கு கத்துக் குடுக்கறாருன்னு நெனச்சேன்டா. படிக்க வெக்கலன்னு மனசுல வெச்சுகினு இதையாவது கத்துக் குடுக்கறாருன்னு நெனச்சேன்" என்று அழுதாள்.

கீறல் எல்லாம் காரின் இடது பக்கத்தில்தான் இருந்தது. உடைந்த கண்ணாடி இரண்டும் இடது பக்கத்துக் கண்ணாடிதான். வலது பக்கத்தில் ஒரு கோடு கிடையாது. தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஒரு ஒயர் கட்டில் எந்த இடத்தில் கீறல் என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். நாளைக்கு ஒரு நாள் போய்விட்டு வருகிறேன், மெதுவாக ஓட்டுகிறேன், பழகின ரோடுதானே என்றார். பெண்கள் வந்து நிற்பார்கள், திடீரென்று வண்டி இல்லை என்றால் எதில் போவார்கள் என்றார்.

"ஆறு பொண்ணுங்கடா. இருட்டுல நிக்கும்."

"அதனாலதாம்பா வேணாங்குறேன்."

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு ஃபோனை எடுத்தார். அப்பாவின் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், காதில் வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது. அதனால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. டிராவல்ஸ்காரரிடம், நாளைக்கு வண்டி வராது சார், ஹெட்லைட் போய்விட்டது என்றார். அந்தப் பக்கம் அவர் கத்தினார். ஒரு பல்புக்காக டிரிப்பைக் கட் பண்ணுவியா, பத்து நிமிஷ வேலை, அதை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றார் அப்பா. "பையன் மாத்திகினுதான் கீறான் சார்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் லீவு போட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவர் வாழ்க்கையில் கண்ணைக் காட்டியதே இல்லை. படிக்கிற ஆள் என்றால் எழுத்து மங்குகிறது என்று நாற்பது வயதிலேயே கண்ணாடிக் கடைக்குப் போயிருப்பார், அங்கே யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்குப் படிக்க ஒன்றுமே இல்லை. எழுத்து தெரியாதவர்களுக்குக் காட்டும் அட்டையை வைத்து, E மாதிரி வடிவத்தின் கம்பி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் கேட்டபோது கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் சரியாகக் கைகாட்டினார். நேராகப் பார்ப்பதில் குறையில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்ததாக ஒரு மெஷின். பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் வந்து போகும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மெஷின் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் கட்டை விரல் பட்டன் மேலேயே காத்திருந்தது. எத்தனையோ டிக்குக்கு அது அசையவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையில் இருந்த மெஷின் ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்தார். அதில் இரண்டு வட்டம் இருந்தது. இடது கண்ணுக்கான வட்டம் நடுவில் கொஞ்சம் தவிர முழுக்கக் கறுப்பு. வலது கண்ணில் மூக்குப் பக்கம் பாதி கறுப்பு.

"இன்னாடா, ஃபெயிலா?" என்று கேட்டார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி இருக்காது. ஓரத்திலிருந்து போகும், போன இடம் கறுப்பாகத் தெரியாது, வெளிச்சம் போதவில்லை என்றுதான் தோன்றும். போனது போனதுதான், ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது. பகலிலும் கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் சரிங்க சார் என்றார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் என்று கேட்டார். டாக்டர் கொஞ்சம் அதிகமாக மிச்சம் இருந்திருக்கும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஸீட்டை அவருக்கு விட்டேன். செம்பரம்பாக்கம் தாண்டியதும் நான்தான் கேட்டேன், அக்காவிடம் லெஃப்டில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அந்தப் பக்கம் கண் சரியில்லை என்று அப்போதே உனக்குத் தெரியுமா என்று. அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

"தெரிஞ்சுதா தெரியலியான்னு எனக்கே தெரிலடா" என்றார். "அவ சொல்லிகினு வந்தா நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்."

பிறகு, இரண்டு மாதம் அந்தப் பெண்களை எப்படிக் கொண்டுபோய் விட்டோமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 

அடுத்த மாதம் வண்டியை விற்றோம். வந்த பணம் மிச்சக் கடனோடு சரியாகப் போயிற்று. அந்தப் பெண்களில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் இரண்டு தடவை ஃபோன் செய்து, உடம்புக்கு எப்படி இருக்கிறது அங்கிள் என்று கேட்டாள். கண் என்று அப்பா அவளிடம் சொல்லவில்லை, ஜுரம் என்றார். இப்போது அவர் ஒரு கம்பெனி கேன்டீனில் காய்கறி நறுக்குகிறார். தட்டை உடம்புக்கு வலது பக்கமாக வைத்துக்கொள்கிறார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருகிறாள்.

காலையில் ஒரு சொட்டு, ராத்திரி இரண்டு சொட்டு. அம்மாதான் போடுகிறாள், ஆயுள் முழுக்க நிறுத்தக் கூடாது. ஒரு மருந்தை ஆஸ்பத்திரியிலேயே தருகிறார்கள். இன்னொன்றை வெளியில் வாங்க வேண்டும், சின்ன பாட்டில், ஒரு மாதத்துக்குத்தான் வரும். மிச்சம் இருக்கிற பார்வை அப்படியே இருப்பதற்கு மாதம் அறுநூற்று எண்பது ரூபாய்.