வெயில் படக்கூடாத படம்

மோர்டனில், வீடுகளை வாங்கி வாடகைக்கு விடும் ஒருவரின் வரவேற்பறையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வெயிலில் ஒரு பெண் கொடியில் துணி காயப்போடுகிறாள். பழைய பிரெஞ்சு ஓவியம் ஒன்றின் பெரிய பிரதி. பாரிசிலிருந்து கொண்டுவந்ததாம். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கழற்றவில்லை.

பருத்த மனிதர். வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டிருந்தார். யார் வந்தாலும் படத்தின் முன் நிறுத்தி, கைக்குட்டையால் பிளாஸ்டிக்கைத் துடைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

"அந்த வெளிச்சத்தைப் பாரும் தம்பி. சாதாரண சீவியத்தில எவ்வளவு வடிவு. எங்கட சனத்துக்கு இதெல்லாம் ரசிக்கத் தெரியாது."

அறையோ ஒரே இருட்டு. வெயில் பட்டால் படம் மங்கிவிடுமென்று திரைச்சீலையைத் திறப்பதே இல்லையாம்.

நான் திரையின் ஓரத்தைச் சற்று விலக்கினேன். பின்வளவில் நல்ல வெயில். அவருடைய மனைவி கொடியில் ஈரச் சேலையை விரித்துக்கொண்டிருந்தார். என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. சன்னலைத் திறந்தார்.

"உந்தச் சேலையை உள்ளுக்குக் கொண்டு வாரும். ட்ரையர் இருக்குத்தானே. பக்கத்து வீட்டு வெள்ளையள் பாத்தா என்ன நினைப்பாங்கள்?"

எனக்கு வாயைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

"படத்திலயும் அதுதானே அண்ணை நடக்குது?"

"அது கலை, தம்பி."

மனைவி சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். இவர் திரையை இழுத்து மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.