என் அப்பா போட்ட ஓட்டு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மெதடிஸ்ட் தேவாலயத்தின் மணிக்கயிற்றைச் சரிசெய்தது. கயிறு சக்கரத்தின் பள்ளத்திலிருந்து நழுவி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருந்தது. அப்பா கடப்பாறையால் நெம்பிப் பிடித்தார். நான் கயிற்றை உருவினேன். தேய்ந்திருந்த விளிம்பில் ஒரு தகரப்பட்டை வைத்து அடித்தோம்.

மறுநாள் எங்கள் மாவட்டத்தில் வாக்கெடுப்பு. மதுக்கடைகளை மூடுவதா, வேண்டாமா? மூடச் சொல்லும் கட்சிக்காரர்கள் மணிக்கொரு தடவை அந்த மணியை அடித்து, ஆண்களை ஓட்டுப்போட அழைப்பார்கள். என் அப்பா காஸ்பர் ஹெல்விக் மதுக்கடைக்காரர்.

"அப்பா, இதைச் சரிபண்ணிக் குடுத்தா நாளைக்கு நம்ம கடைக்குத்தான் சாவுமணி."

"மணி கெட்டுப்போச்சு, சரிபண்றோம். ஆணியைக் குடு."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் போதகரின் மனைவி திருமதி தர்லோ. நாங்கள் இறங்கியதும் கையைப் பிசைந்தார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை, மிஸ்டர் ஹெல்விக்."

"ஒண்ணும் வேண்டாம்மா. நாளைக்குக் கொஞ்சம் மெதுவா அடிங்க. என் கடையில கண்ணாடி கிளாஸ் நிறைய இருக்கு."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. நான் கொலம்பஸ் நகரின் குடிநீர் நிலையத்தில் தண்ணீர் சோதிப்பவள். ஒரு குப்பி நீரைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்பாவிடம் அது நடக்காது.

அப்பா ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து இளைஞராகக் கப்பலேறி வந்தவர். முதலில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. குடியுரிமை வாங்கிய பிறகு போட்ட முதல் ஓட்டைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கட்சியும் தன் வாக்குச்சீட்டைத் தானே வேறு வேறு நிறத்தில் அச்சடித்துக் கொடுக்கும். மேஸ்திரி ஒரு மஞ்சள் சீட்டைக் கையில் திணித்து, பெட்டி வரைக்கும் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னாராம். பக்கத்தில் நின்றவன் வெள்ளைச் சீட்டைப் போட்டான். திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை.

பிறகு சட்டம் மாறியது. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரு திரை, உள்ளே ஒரு பென்சில். அதிலிருந்து தேர்தல் நாளன்று அப்பா வெள்ளைக் காலர் மாட்டிக்கொண்டுதான் போவார். யாருக்குப் போட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை. அம்மா சாகும்வரை கேட்டாள். பள்ளிக்கூடக் குழுத் தேர்தலைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை.

வாக்கெடுப்பன்று அவர் செய்தது இன்னும் விசித்திரம். மூடச் சொல்லும் பெண்கள் வாக்குச்சாவடிக்கு எதிரே காப்பியும் ரொட்டியும் கொடுத்தார்கள். மதியத்துக்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது. அப்பா தன் கடையிலிருந்து ஒரு முழுப் பன்றித்தொடை வறுவலையும் ஒரு ஜாடி ஊறுகாயையும் அனுப்பினார். தெருவே சிரித்தது.

இரவு முடிவு வந்தது. சொற்ப வித்தியாசத்தில் மூடச் சொன்னவர்கள் ஜெயித்தார்கள். ஒரு மாதத்துக்குள் கடைகளைப் பூட்ட வேண்டும்.

அப்பாவின் நண்பர் ஓட்டோ பிராண்டில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, கல்லாமேடைக்கு முன்னால் வந்து நின்றார். பீப்பாய் செய்பவர். அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். கடை மூடினால் அவர் பட்டறையும் மூடவேண்டியதுதான்.

"காஸ்பர், மணியைக் கட்டிக் குடுத்தே. கறியை அனுப்பினே. சரி, உனக்குக் கிறுக்குன்னு வச்சுக்கிறேன். ஓட்டு எங்கே போட்டேன்னு மட்டும் சொல்லு."

"திரைக்குள்ள போட்டேன்."

"டேய், நான் என்ன மேஸ்திரியா? ஒரு வார்த்தை சொல்லுடா!"

"உனக்குச் சொன்னா மேஸ்திரிக்கும் சொல்லணும், ஓட்டோ."

ஓட்டோ குடிக்காமலே கிளாஸை வைத்துவிட்டுப் போனார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்காவது சொல்லுங்கப்பா" என்றேன். "பொம்பளைங்களுக்கு ஓட்டு வரட்டும், அப்புறம் கேளு. அப்பவும் சொல்லமாட்டேன்" என்றார்.

நான் கொலம்பஸுக்குத் திரும்பிய பிறகு, மூன்றாவது வாரம் தந்தி வந்தது. அப்பா நிலவறைப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊர் ஜெர்மன் பாட்டுச் சங்கத்தில் உறுப்பினர் இறந்தால் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்குவார்கள். ஐந்து பேர் வந்தார்கள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. ஆறாவது ஓட்டோ. அவர் பின்வாசல் வழியாக என்னிடம் வந்தார்.

"லினா, உனக்குத் தெரியும். சொல்லு. தூக்கறேன்."

"தெரியாது மாமா."

"மூடவேண்டாம்னு போட்டான்னு சொல்லேன். நம்பிக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அது அப்பாவின் வார்த்தை. "தெரியாது" என்றேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் நின்றார்.

பெட்டி கிளம்பும்போது ஒரு பிடி காலியாக இருந்தது. கூட்டத்திலிருந்து போதகர் தர்லோ வந்து அதில் கைவைத்தார். ஓட்டோ மரத்தடியிலிருந்து பாய்ந்தார்.

"கையை எடுங்க ஐயா. கடையைத்தான் தூக்கிட்டீங்க, ஆளையுமா?"

கல்லறைவரை திட்டிக்கொண்டே தூக்கினார். ஜெர்மனில்தான் திட்டினார். போதகர் அதைப் பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும். தலை குனிந்தபடி நடந்தார்.

எல்லாரும் போன பிறகு ஓட்டோ வேலியோரம் நின்றார். "செவ்வாய்க்கிழமை அவன் என்கூட கோர்ட்டுக்கு வர்றதா இருந்தான்" என்றார்.

"என்ன வழக்கு?"

"வழக்கு இல்லை. குடியுரிமைக் காகிதம்." அவர் தரையைப் பார்த்தார். "எங்கிட்ட அது கிடையாது. வாங்கவே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வரிசையில நின்னு அரட்டை அடிச்சிட்டு, நழுவிப் போயிடுவேன். இத்தனை வருஷமா அவனுக்கு மட்டும்தான் தெரியும். என்னை நல்லாத் தெரியும்னு ஜட்ஜ்கிட்ட சொல்ல ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு ரொட்டிக்காரன், ஒண்ணு காஸ்பர்."

"சண்டைக்கு அப்புறமுமா?"

"போன ஞாயிறு ஆள் அனுப்பினான். எட்டு மணி ரயில், சுத்தமான சட்டை போட்டுக்கோன்னு. நான் பதில் சொல்லலை."

ஓட்டே இல்லாதவர் என் அப்பாவின் ஓட்டுக்காக அவரோடு பேசாமல் இருந்திருக்கிறார். கடை நிறைய ஆட்கள் இருக்க, அப்பா அதைச் சொல்லிக்காட்டவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

"நான் வரட்டுமா மாமா? பிறந்ததிலிருந்து உங்களைத் தெரியும்."

"பொம்பளை சாட்சியை ஜட்ஜ் ஒத்துக்குவாரா?"

"தெரியாது" என்றேன். அன்று மூன்றாவது தடவை.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. எட்டு மணி ரயிலுக்கு மூன்று சீட்டு வாங்க வேண்டும்.